வரைபடத்தைக் கரைத்தவர்: ஃபிராங்க் பௌலிங்கும் அரூப ஓவியத்தில் வாழ்க்கையின் இடமும்

1968இல் நியூயார்க்கில் ஃபிராங்க் பௌலிங் தீட்டிய ஓர் ஓவியத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிறங்கள் செங்குத்துப் பட்டைகளாக நிற்கின்றன. அவற்றின் ஊடே, பாதி அமிழ்ந்த நிலையில், தென்னமெரிக்கக் கண்டத்தின் கோட்டுருவம் தெரிகிறது. ‘பார்னி நியூமனைக் கண்டு யாருக்குப் பயம்’ என்பது தலைப்பு. அமெரிக்க அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான பார்னெட் நியூமன் அதற்கு இரண்டாண்டுகள் முன்பு தொடங்கியிருந்த ‘சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கண்டு யாருக்குப் பயம்’ என்ற வரிசைக்கு இது நேரடிப் பதில். நியூமனின் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பௌலிங் பச்சையை வைத்தார். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் 1966 மே 26இல் விடுதலை பெற்ற கயானாவின் கொடியில் முதன்மையாகத் தெரியும் நிறங்கள்.

இந்த ஒரு படத்தை வைத்தே இரண்டு தரப்பார் அரை நூற்றாண்டாக வழக்காடி வருகிறார்கள். நிறத்தோடு நிறம் உரசும்போது பிறக்கும் அதிர்வுதான் ஓவியம், கண்டத்தின் கோடு அந்த நிறங்களை நிறுத்திவைக்கும் சாரம் மட்டுமே என்பது ஒரு தரப்பு. அது ஒரு குடியேற்ற நாட்டுக் கறுப்பின இளைஞன் வெள்ளையரின் கலை மேடையில் ஏறித் தன் நாட்டை நாட்டிய செயல் என்பது மற்றது. உருவம் இல்லாத ஓவியத்தில் ஓவியரின் வாழ்க்கை எங்கே இருக்கிறது, அதை எப்படித் தேடுவது என்ற கேள்வி கரீபியனில் பிறந்த அரூப ஓவியர்கள் எல்லோரையும் தொடர்ந்து வந்திருக்கிறது. அதை முழுமையாக எடைபோடுவதற்கு பௌலிங்கின் வாழ்க்கையை விடப் பொருத்தமான சான்று இல்லை. ஓவியராக மட்டுமன்றி, விமர்சகராகவும் அவரே இந்த வழக்கில் வாதாடியிருக்கிறார்.

அவர் பிறந்தது 1934 பிப்ரவரி 26இல், அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் பார்டிக்கா என்ற ஊரில். எசெக்விபோ ஆறும் மசருனி ஆறும் கூடும் இடம் அது. கயானா தென்னமெரிக்கப் பெருநிலத்தில் இருந்தாலும் வரலாற்றாலும் மொழியாலும் கிரிக்கெட்டாலும் கரீபியனோடு சேர்ந்தது. கரீபிய நாடுகளின் கூட்டமைப்புக்குத் தலைமையகமே அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான். பௌலிங் சிறுவனாக இருந்தபோது குடும்பம் பெர்பீஸ் ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை காவல்துறையில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி. தாய் தையற்காரர், வீட்டோடு சேர்ந்த ஒரு கடையையும் நடத்தினார். மர வீட்டின் முகப்பில் ‘பௌலிங்ஸ் வெரைட்டி ஸ்டோர்’ என்று பலகை தொங்கியது. (பெர்பீஸ் பகுதி நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. அதன் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே காளிக்கும் மாரியம்மனுக்கும் பூசை வைக்கிறார்கள். பௌலிங்கைவிட ஏறத்தாழ இரண்டாண்டு இளையவரான கிரிக்கெட் வீரர் ரோஹன் கன்ஹாய் பிறந்த போர்ட் மோரன்ட்டும் இதே பகுதிதான்.)

அந்தத் தாயின் தொழிலையும் அந்த வீட்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பௌலிங்கைப் பற்றி எழுதியவர்களில் பலர் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தையலுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1953இல், பத்தொன்பது வயதில், அவர் லண்டனுக்கு வந்தார். இரண்டாம் எலிசபெத் அரசி முடிசூடிய ஆண்டு அது. கவிஞராக வேண்டும் என்பதுதான் அப்போதைய ஆசை. ராயல் விமானப் படையில் கட்டாயச் சேவை செய்தபோது கீத் கிரிட்ச்லோ என்ற ஓவிய மாணவரின் நட்புக் கிடைத்தது. அவர் வழியாகவே ஓவிய உலகத்தின் கதவு திறந்தது. தேசிய ஓவியக் கூடத்தில் டர்னர், கான்ஸ்டபிள், கெய்ன்ஸ்பரோ ஆகியோரின் முன்னால் நின்று கற்றுக்கொண்டதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. இருபது வயதை ஒட்டித் தூரிகையைத் தொட்டவர் 1959இல் ராயல் கலைக் கல்லூரியில் இடம்பிடித்தார். டேவிட் ஹாக்னி, ஆர். பி. கிடாய், டெரெக் பாஷியர், ஆலன் ஜோன்ஸ் எல்லோரும் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள். கல்லூரியின் பதிவாளராக இருந்த பேடி கிச்சனை 1960இல் மணந்ததால் விதிமீறல் என்று சொல்லி ஒரு பருவம் வெளியே அனுப்பினார்கள்; அந்தப் பருவத்தை ஸ்லேட் கலைப் பள்ளியில் கழித்துவிட்டுத் திரும்பினார். 1962இல் படிப்பை முடித்தபோது தங்கப் பதக்கம் ஹாக்னிக்கு, வெள்ளிப் பதக்கம் பௌலிங்குக்கு.

அந்த நாள்களில் அவர் அரூப ஓவியர் அல்லர். பிரான்சிஸ் பேக்கனின் நிழல் படிந்த, துயரமும் சதையும் நிறைந்த உருவங்களை வரைந்தார்: பிரசவ வலியில் துடிக்கும் பெண், பிச்சைக்காரர்கள், எண்ணெயில் சிக்கிச் சாகும் அன்னம். 1964 முதல் 1966 வரை உழைத்து முடித்த ‘கண்ணாடி’ அந்தக் காலத்தின் உச்சம். கல்லூரியின் சுழல் படிக்கட்டு படத்தின் நடுவே இறங்குகிறது. மேலே பௌலிங், நடுவில் மனைவி, கீழே மீண்டும் பௌலிங். சுவர்களும் தரையும் அன்று நடப்பில் இருந்த பாணிகள் ஒவ்வொன்றையும் தொட்டுச் செல்கின்றன; ஓரிடத்தில் பாப் கலையின் பளிச்சென்ற தட்டை நிறம், இன்னோரிடத்தில் கண்ணை ஏய்க்கும் கட்டங்கள், வேறோரிடத்தில் பேக்கனின் கரைந்த முகம். எந்தப் பாணியில் குடியேறுவது என்று முடிவெடுக்காத ஒருவரின் படம் இது. அந்தத் தயக்கத்தையே இவ்வளவு துணிவாக வரைந்த இளம் ஓவியர் அன்றைய லண்டனில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதே 1964இல் வைட்சேப்பல் கலைக்கூடம் ‘புதிய தலைமுறை’ என்ற பெயரில் நடத்திய கண்காட்சியில், உடன் படித்தவர்கள் பலர் இடம்பெற்றும் அவர் பெயர் இல்லை. அந்தக் காயத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார். மறுபுறம், 1966இல் செனகலின் டாக்கர் நகரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவில் சமகாலக் கலைக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. லண்டனில் அவர் கறுப்பர் என்பதால் வெளியே; டாக்கரில் கறுப்பர் என்பதால் உள்ளே. இரண்டு இடத்திலும் ஓவியத்துக்கு முன்னால் ஓவியரின் தோலைத்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டே அவர் நியூயார்க்குக்குப் பெயர்ந்ததைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் தேவையில்லை.

நியூயார்க்கில் முதலில் வந்தது தாயின் வீடு. நியூ ஆம்ஸ்டர்டாம் கடைவீட்டின் புகைப்படத்தைப் பட்டுத்திரை அச்சு முறையில் கித்தான் மீது பதித்தார், படத்துக்குப் படம் அதன் மேல் நிறம் ஏறியது, வீடு மங்கியது. அடுத்துக் கண்டங்கள் வந்தன. எபிடயாஸ்கோப் என்ற ஒளிப்பெருக்கிக் கருவியால் கோட்டுருவத்தைத் துணியின் மேல் வீழ்த்தியும், ஸ்டென்சில் வெட்டியும், தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றை வரைந்தார். துணியைத் தரையில் விரித்து நீர்த்த அக்ரிலிக் நிறத்தை ஊற்றி, ஊறவிட்டு, மேலே தெளித்து உருவாக்கிய இந்த ‘வரைபட ஓவியங்கள்’ 1967 தொடங்கி 1971 வரை நீண்டன. 1971இல் வரைந்த ‘டெக்சாஸ் லூயிஸ்’ ஆறு மீட்டருக்கும் அதிக நீளம். அதில் கண்டங்கள் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வெளியில் ஆவிபோல் மிதக்கின்றன. 1970இன் ‘நடுப்பயணம்’ தலைப்பிலேயே அட்லாண்டிக் கடலில் அடிமைக் கப்பல்கள் கடந்த வழியை நினைவூட்டுகிறது. கண்டங்களின் கோடுகளோடு குடும்பத்தாரின் முகங்களும் அதில் புதைந்திருக்கின்றன. 1971 நவம்பரில் விட்னி அருங்காட்சியகம் இந்த வரிசையின் பெரிய படங்களை அவருடைய தனிக் கண்காட்சியாக வைத்தது.

இந்த ஓவியங்களைச் செய்துகொண்டிருந்த அதே கை, எழுதவும் செய்தது. 1969 முதல் 1972 வரை ‘ஆர்ட்ஸ் மேகசின்’ இதழின் பங்களிப்பு ஆசிரியராக இருந்தார். அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்த காலம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கறுப்பினக் கலைஞன் தன் மக்களின் போராட்டத்தை உருவங்களில் காட்டியே தீர வேண்டும் என்று ஒரு பக்கம் நெருக்கடி. கறுப்பர்களுக்கு அரூபம் வராது என்ற அலட்சியம் மறுபக்கம். பௌலிங் இரண்டையும் மறுத்தார். 1969இல் ஸ்டோனி புரூக்கில் இருந்த நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘ஐந்தும் ஒன்றும்’ என்ற கண்காட்சியை அவர் அமைத்தார். ஐவர்: மெல்வின் எட்வர்ட்ஸ், ஆல் லவிங், ஜாக் விட்டன், வில்லியம் டி. வில்லியம்ஸ், டேனியல் லாரூ ஜான்சன். ஆறாமவர் அவரே. எல்லோரும் அரூபத்தில் இயங்கியவர்கள். இன்று விட்டனின், எட்வர்ட்ஸின் படைப்புகளை உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது அந்தத் தேர்வின் கூர்மை விளங்குகிறது.

1971இல் ‘ஆர்ட்நியூஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘கறுப்பு அழகு என்று சொன்னால் போதாது’ என்பது. அதன் சாரம் இது: ஒடுக்கப்பட்ட வாழ்வின் அனுபவம் கலைக்குள் வரத்தான் செய்யும், ஆனால் அது கதைப்பொருளாக வர வேண்டிய கட்டாயம் இல்லை, பொருள்களைக் கையாளும் விதத்தில், வடிவத்தைத் திருப்பிப்போடும் தந்திரத்தில் வரும். கறுப்பினக் கலைஞர்களுக்கு நவீனத்துவம் யாரோ கொடுத்த இரவல் அல்ல, அவர்களும் அதன் பங்குதாரர்கள் என்பது அவர் உறுதி. இந்தக் கட்டுரைகளுக்கு இன்னும் நியாயமான இடம் கிடைக்கவில்லை. அவருடைய படங்களைப் பார்ப்பதற்கான சிறந்த வழிகாட்டியை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்குடன் நட்புக் கூடியதும் இக்காலத்தில்தான். அமெரிக்க அரூப ஓவியத்தின் பெரிய நீதிபதியாக மதிக்கப்பட்டவர் கிரீன்பெர்க். ஓவியம் தன் தட்டைத்தன்மையையும் நிறத்தையும் மட்டும் நம்ப வேண்டும் என்று வாதிட்டவர். அவர் சொல்லித்தான் பௌலிங் வரைபடங்களைக் கைவிட்டார் என்று சிலர் எழுதுவதுண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. தாயின் வீடு மங்கத் தொடங்கியது 1966இல், கிரீன்பெர்க்கைச் சந்திப்பதற்கு வெகுமுன்பு. கண்டங்களின் கோடும் ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே வந்தது. கிரீன்பெர்க் துணிவைக் கொடுத்திருக்கலாம். திசை ஏற்கெனவே பௌலிங்கிடம் இருந்தது.

1973இல் வரைபடம் முழுதாக மறைந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் செய்தவற்றை ‘ஊற்று ஓவியங்கள்’ என்கிறார்கள். இவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சாய்வை மாற்றிக்கொள்ளக் கூடிய ஒரு மேடையை அவரே வடிவமைத்தார். அதில் கித்தானைப் பொருத்தி, சில வேளை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அக்ரிலிக் நிறத்தை ஊற்றுவார். மேடையின் சாய்வு, நிறத்தின் கெட்டி, ஊற்றும் வேகம் இந்த மூன்றையும்தான் அவரால் கட்டுப்படுத்த முடியும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மேலே விழுந்த நிறம் இறங்கும் வழியில் முன்னது காய்வதற்குள் அடுத்தது ஏறும். ஆரஞ்சுக்குள் ஊதா நாக்கு நீட்டும். இரண்டும் முழுதாகக் கலக்காமல் பளிங்கின் ரேகைபோல் பின்னிக்கொள்ளும். கீழ் விளிம்பை நெருங்கும்போது வேகம் தளர்ந்து நிறம் தடித்து, மடிப்பு மடிப்பாகக் குவிந்து நின்றுவிடும். 1974இன் ‘ஜிஃப்’, 1975இன் ‘டோனியின் பட்டறைக்கல்’ ஆகியவை இந்த வகை. ஆற்று முகத்துவாரத்தில் வண்டல் சேர்வதை இதில் காண்பவர்கள் இருக்கிறார்கள். எசெக்விபோவை நினைத்து அவர் ஊற்றினார் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பாயும் பொருளின் குணத்தைக் கண்ணால் அளந்து பழகிய ஒருவரின் கணிப்பு இதில் இருக்கிறது என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம்.

1975இல் லண்டன் திரும்பினார். நியூயார்க்கிலும் பட்டறையை விடாமல் இரண்டு நகரங்களுக்கும் இடையே வாழ்ந்தார். எண்பதுகளில் படங்களின் தோலே மாறியது. அக்ரிலிக் ஜெல்லைக் கலந்து நிறத்தைக் களிமண்போல் தடிப்பாக்கினார். நுரைப்பஞ்சுக் கீற்றுகளை ஒட்டி அடியில் ஒரு கட்டமைப்பை எழுப்பினார். பிளாஸ்டிக் பொம்மை, மூடி, பட்டறையில் கிடந்த துண்டு துணுக்குகள் எல்லாம் உள்ளே புதைந்தன. மேலே உலோகத் தூளும் முத்து மினுக்கும் நிறமும் படர்ந்தன. வரைந்து முடித்த கித்தானை வெட்டி, வேறு நிறத் துணி விளிம்புகளோடு ஒட்டியும் தைத்தும் சேர்ப்பது அவர் வழக்கமானது. 1987இல் டேட் கலைக்கூடம் இந்தக் காலத்துப் படமான ‘விரிந்து கிடக்கும் ரான் கிடாய்’ என்பதை வாங்கியது. 1989இன் ‘பெருந்தேம்ஸ்’ வரிசையில் டர்னரின் ஆறு மீண்டும் வருகிறது, படகும் பாலமும் இல்லாமல். அதே ஆண்டு மகனோடு கயானா சென்று திரும்பிய பிறகு, தன் படங்களில் எப்போதும் இருந்த ஒளி அந்த ஊரின் ஒளிதான் என்று அவர் உணர்ந்ததாகச் சொன்னார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது ‘சாஷா ஜேசன் கயானா கனவுகள்’.

இனி, இந்த வாழ்க்கையை வெளியுலகம் வாசித்த விதம். 1986இல் லண்டன் சர்ப்பன்டைன் கலைக்கூடத்தில் கண்காட்சி, 1989இல் ஹேவர்டில் ரஷீத் அராயீன் அமைத்த ‘மற்றொரு கதை’ கண்காட்சியில் இடம் என்று நகர்ந்தாலும், நடுவே நீண்ட வறட்சி. 1768இல் தொடங்கிய ராயல் அகாடமி 2005இல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர்தான் அதன் முதல் கறுப்பின உறுப்பினர். வயது எழுபத்தொன்று. அதன் பின் வெள்ளம். 2017இல் மியூனிக் நகரின் ஹவுஸ் டெர் குன்ஸ்டில் ஒக்வுயி என்வேசர் பெரிய கண்காட்சி வைத்தார். 2019இல் டேட் பிரிட்டனில் பின்னோக்குக் கண்காட்சி. 2020இல் சர் பட்டம். 2022இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருடைய அமெரிக்க ஆண்டுகளுக்கான தனிக் கண்காட்சி.

கயானாவிலிருந்து லண்டன் வந்த ஆப்ரி வில்லியம்ஸ் (1926–1990) இந்த வெள்ளத்தைப் பார்க்காமலே மறைந்தார். வேளாண் அதிகாரியாக வடமேற்குக் கயானாவில் வாராவ் பழங்குடியினரோடு வாழ்ந்தவர். 1952இல் லண்டன் சேர்ந்தவர். 1966இல் உருவான கரீபியக் கலைஞர் இயக்கத்தின் முன்னணி ஆள். ஷோஸ்டகோவிச்சின் இசையைக் கேட்டு அவர் தீட்டிய வரிசை இருபதாம் நூற்றாண்டு அரூபத்தின் பெருமுயற்சிகளில் ஒன்று. ஆனால் அவர் படங்களை எழுதுபவர்கள் பழங்குடிச் சின்னங்களைத் தேடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஹவானாவில் பிறந்த கார்மென் ஹெர்ரேரா நேர்கோடும் இரண்டே நிறமுமாக அறுபதாண்டுக்கு மேல் உழைத்து, 2004இல், எண்பத்தொன்பது வயதில், முதல் ஓவியத்தை விற்றார். 106 வயது வரை வாழ்ந்ததால்தான் விட்னியின் 2016 கண்காட்சியைத் தன் கண்ணால் பார்க்க வாய்த்தது. கரீபியனில் பிறந்த அரூப ஓவியருக்குப் புகழ் கிடைக்க நீண்ட ஆயுள் தேவைப்படுவது ஒரு கொடுமை. பெண், கறுப்பர், தீவுக்காரர் என்று அறிந்தவுடன் விமர்சகர்கள் அந்த அடையாளத்தின் கதையைப் படத்தில் எதிர்பார்த்தார்கள். கதை இல்லாதபோது அந்தப் படத்தை வைக்க அவர்களிடம் அலமாரி இல்லை.

இன்றைய மீட்பிலும் அதே எதிர்பார்ப்பு வேறு முகத்தோடு தொடர்வதுதான் என் கவலை. கண்காட்சிகளிலும் நூல்களிலும் வரைபட ஓவியங்களே முன்னால் நிற்கின்றன. காரணம் எளிது. ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் தெரிகின்றன. புலம்பெயர்வு, அடிமை வரலாறு, குடியேற்ற ஆதிக்கம் என்று சுவரில் குறிப்பு எழுத முடிகிறது. அந்த வரலாறுகள் உண்மை, முக்கியமானவை. ‘நடுப்பயண’த்தை அவை இல்லாமல் பார்க்கவே முடியாது. ஆனால் பௌலிங்கின் ஓவிய வாழ்வு அறுபதாண்டுக்கும் மேல். வரைபடங்கள் அதில் ஏறத்தாழ ஐந்தாண்டுதான். மீதி ஆண்டுகளில் கயானா எங்கே போயிற்று? போகவில்லை என்பதே என் வாதம். தையற்காரியின் வீட்டில் வளர்ந்தவருக்குத் துணி என்பது நிறத்தைத் தாங்கும் வெறும் தளமல்ல. வெட்டலாம், ஓரம் சேர்க்கலாம், துண்டோடு துண்டு இணைக்கலாம், மிச்சத்தை வீணாக்காமல் வேறொன்றில் பயன்படுத்தலாம். எண்பதுகளுக்குப் பிந்தைய படங்களில், ஒரு படத்தில் வெட்டிய கீற்று இன்னொரு படத்துக்கு விளிம்பாகும்போது, வெட்டுத்துணியை வீசாத ஒரு பழக்கம் அங்கே வேலை செய்கிறது. வாழ்க்கை கையாளும் முறையில் வரும் என்று 1971இல் அவர் எழுதியதற்கு இவைதான் நேரான சான்றுகள். இதைப் பார்க்க வாழ்க்கை வரலாறும் வேண்டும், வடிவத்தை உற்றுப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்ட இரு தரப்பாரும் பாதியைத் தவறவிட்டார்கள்.

ஆகவே இனி நடக்க வேண்டிய வேலை 1973க்குப் பிந்தைய ஓவியங்களில் இருக்கிறது. எந்தப் படம் எந்தப் படத்திலிருந்து வெட்டப்பட்டது, எந்த ஜெல், எத்தனை அடுக்கு, எந்தச் சாய்வு, எவ்வளவு நேரம் காய்ந்தது என்ற பட்டறைத் தகவல்களைத் தொகுக்க வேண்டும். முதுமையில் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, குடும்பத்தாரும் உதவியாளர்களும் ஊற்றியும் ஒட்டியும் செய்த படங்கள் பல. அவர்கள் கையும் நினைவும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ‘ஆர்ட்ஸ் மேகசின்’ கட்டுரைகளை அந்த விவரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆப்ரி வில்லியம்ஸின் படங்களுக்கும் இதே கவனத்தைக் கொடுத்தால், சின்னங்களுக்கு அப்பால் அவர் நிறத்தை எப்படி எரியவிட்டார் என்பதையும் யாராவது எழுத முடியும்.